இரண்டு நிமிட உருக்கம்

ஈசூன்
7 ஏப்ரல் 2025

தம்பி முபாரக்குக்கு,

ஸலாம். பெருநாளைக்கு எட்டிப் பார்க்காத அக்கா இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று உறையைக் கிழிக்கும் முன்பே முகம் சுளித்திருப்பாய். போனில் நீ என்னைத் தடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நானே வெளியேறிவிட்டேன். அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் உன் செயலாளர் ரகுபதி, "மேடம், அறக்கட்டளை விஷயம்னா தமிழ்ல, பேப்பர்ல எழுதித் தரணும். பெரியவர் போட்ட ரூல்" என்கிறார். வாப்பா போட்ட விதிகளில் உனக்குச் செலவு வைக்காத ஒன்றையாவது நீ காப்பாற்றி வருவதில் எனக்குச் சந்தோஷம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். எங்கள் பயிற்சி மையத்தில் ஏர்கான் பழுதுபார்க்கும் படிப்பில் சேர்ந்த என் மாணவர்கள் ஆறு பேருக்கு வாப்பா பெயரிலுள்ள நூருல் அமீன் அறக்கட்டளை உதவிநிதி கொடுத்திருக்கிறது. அது வராவிட்டால் பாதிப் பேர் முதல் மாதமே நின்றிருப்பார்கள். இதை எழுத எனக்குக் கசக்கிறது. ஆனாலும் உண்மை.

இனி விஷயம். அடுத்த மாதம் அறக்கட்டளைக்கு நன்கொடை திரட்ட ஹோட்டலில் நடக்கும் உன் விருந்துக்கு அந்த ஆறு பேரும் மாலை ஐந்து மணிக்கே ஒத்திகைக்கு வர வேண்டுமாம். பாரம்பரிய உடை உடுத்த வேண்டுமாம். ஒருவர் மேடையேறி இரண்டு நிமிடம் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டுமாம். அதற்கு மரியம்மாளைப் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். கணவன் சிறையில் இருப்பதாக அவள் விண்ணப்பத்தில் எழுதியது உங்கள் ஆட்களுக்கு நல்ல தீனி. ரகுபதி என்னிடம், "அந்தம்மாவுக்கு அழ வருமா மேடம்? கொஞ்சம் உருக்கமா இருந்தா நல்லா இருக்கும் லா" என்று கேட்டார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஓதிக் கொடுத்த வீட்டில் பிறந்தவன் நீ. உன் வலது கை கொடுக்கும்போது இடது கை வீடியோ எடுக்கிறது.

மரியம்மாளுக்கு வேண்டியது மேடை இல்லை. வயது முப்பத்தொன்பது. பிடோக்கில் வீடு, பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதும் இந்தப் படிப்புக்கு வந்தாள். தேர்வுகளை முடித்துவிட்டாள். ஆகஸ்டு முடிவதற்குள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் களப்பயிற்சியை முடித்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். முடிக்காவிட்டால் படித்ததெல்லாம் வீண். பெண் என்பதால் எவனும் வேனில் ஏற்ற மாட்டேன் என்கிறான். உன் ஏர்கான் நிறுவனத்தில் முப்பது வேன் ஓடுகிறது. ஒன்றில் அவளுக்கு இடம் கொடு. அவ்வளவுதான் என் மனு.

நூருன்னிசா


தஞ்சோங் பகார்
15 ஏப்ரல் 2025

லாத்தா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை ரகுபதி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார், எங்கே கடித்துவிடுமோ என்ற பயத்தில். அவர் பயந்தது சரிதான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது உங்கள் பழைய வழக்கம். நான் பதில் சொல்லாமல் இருந்தால் உங்களுக்கு ஏமாற்றமாகிவிடும், அதனால் சொல்கிறேன். விருந்துக்கு வருகிறவர்கள் நகைக்கடைக்காரர்கள், வக்கீல்கள், டாக்டர்கள். அவர்கள் வருவது பிரியாணிக்காக. பிரியாணிக்கும் பாயசத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் அவர்களுக்கு இரக்கம் சுரக்கும். அந்த நேரத்தில் மேடையில் ஒரு மனுஷி நிற்க வேண்டும். எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று திரையில் படம் போட்டுக் காட்டினால் அவர்கள் போனை எடுத்துப் பார்ப்பார்கள். இது எனக்கும் பிடித்த காட்சி இல்லை. ஆனால் உங்கள் ஆறு பேருக்கும் கட்டணம் கட்டியது இந்தக் காட்சிதான்.

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வெள்ளைப் பலகை முன்னால் நின்றுகொண்டு, ஊரையெல்லாம் இகழ்வது சுலபம் லாத்தா. கை நீட்டிக் கேட்கிற வேலையை ஒரு வருடம் செய்து பாருங்கள், அப்புறம் என் இடது கையைப் பற்றிப் பேசலாம்.

அந்தம்மா பேசட்டும். களப்பயிற்சி விஷயம் பார்க்கலாம்.

முபாரக்


ஈசூன்
21 ஏப்ரல் 2025

முபாரக்,

நம் வீட்டில் "பார்க்கலாம்" என்றால் இல்லை என்று பொருள். மேல்படிப்புக்கு உம்மாவிடம் நான் கேட்டபோதும் அதே வார்த்தைதான் கிடைத்தது. ஆகவே எனக்குப் "பார்க்கலாம்" வேண்டாம்.

மரியம்மாளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பேசினால் வேனில் இடம் கிடைக்கலாம், பேசாவிட்டால் நிச்சயம் கிடைக்காது என்றேன். அவள் பட்டறையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "புருஷன் உள்ள இருக்கான்னு சொல்ல எனக்கு வெக்கம் இல்ல டீச்சர். அத வித்துச் சாப்பிடத்தான் வெக்கம். ஆனா வேன்ல ஏறணும்னா மேடையிலயும் ஏறுறேன். எம் மக பேரு மட்டும் வரக் கூடாது. வீடியோ அந்த ஹால விட்டு வெளிய போகக் கூடாது."

அவளுக்குக் களப்பயிற்சி. வீடியோ வெளியே போகாது. இரண்டுக்கும் உன் கையெழுத்தோடு பதில் வந்தால் அவள் வருவாள். இல்லாவிட்டால் ரகுபதியையே மேடையேற்றி அழ வை.

நூருன்னிசா


தஞ்சோங் பகார்
25 ஏப்ரல் 2025

லாத்தா,

சரி. இரண்டுக்கும் சரி.

முபாரக்


தஞ்சோங் பகார்
13 மே 2025

லாத்தா அவர்களுக்கு,

கடைசி மேசையில் உட்கார்ந்து, பாயசத்தைத் தொடாமல், சொல்லிக்கொள்ளாமல் நீங்கள் எழுந்து போனதைப் பார்த்தேன். பாயசம் என்ன பாவம் செய்தது?

மரியம்மாள் பேசியதைப் போல் இந்த அறக்கட்டளையின் மேடையில் இதுவரை யாரும் பேசியதில்லை. அவர் அழவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிறைக்குப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கணவனிடம் கம்ப்ரெஸ்ஸர் பாடத்தை ஒப்பிப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னார். அவ்வளவுதான், செராங்கூன் சாலை நகைக்கடை ஞானசேகரன் மேசைத் துணியை இழுத்துக் கண்ணைத் துடைத்தார். வசூல் போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு. நீங்கள் கேவலம் என்று நினைத்த அந்த இரண்டு நிமிடத்தால் அடுத்த வருடம் இருபது பேர் படிப்பார்கள். இதை ஒரு நாளாவது என் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வீர்களா?

ஒரு சின்ன விஷயம். மேடையில் கொடுத்த பெரிய காசோலை அட்டையை அந்தம்மா வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாராம். அது அடுத்த வருடத்துக்கும் வேண்டும். பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவோம். திருப்பித் தரச் சொல்லுங்கள்.

களப்பயிற்சி விண்ணப்பத்தை என் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முபாரக்


ஈசூன்
4 ஜூன் 2025

முபாரக்,

உன் நிறுவனத்திடமிருந்து மரியம்மாளுக்குப் பதில் வந்துவிட்டது. "அமீன் அண்ட் சன்ஸ்" என்று தங்க எழுத்தில் தலைப்பு. வாப்பாவுக்கு மகன் ஒருவன்தான், அந்த இன்னொருவன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது கிடக்கட்டும்.

பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லையாம். முன் அனுபவம் இல்லையாம், அனுபவத்துக்காகத்தான் அவள் வருகிறாள் என்பது உன் ஆட்களுக்கு எட்டவில்லை. மூன்றாவது காரணத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். அவள் படித்த படிப்பை உன் நிறுவனம் ஏற்பதில்லையாம். அந்தப் படிப்புக்குக் கட்டணம் கட்டுவது யார்? உன் அறக்கட்டளை. மூன்று வருடமாக நீ மேடை போட்டு, மாலை போட்டு, ஞானசேகரனை அழவிட்டு விற்கிற சரக்கை உன் கடையே வாங்காது என்றால், நீ அதைப் பற்றி என்னதான் நினைக்கிறாய்? ஏழைக்கு இது போதும் என்றா?

அட்டையைக் கேட்டிருந்தாய். விருந்து முடிந்த இரவு அவள் அதைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் பிடோக் போனாள். ஆறடி அட்டை. கதவு ஒரு தடவை அதன் மேல் சாத்தித் திறந்ததாம். வங்கியில் இதை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று பக்கத்தில் இருந்த ஒருவர் கேட்டாராம். இப்போது அது அவள் சமையலறை ஜன்னலில் சாரல் அடிக்காமல் மறைத்து நிற்கிறது. அதாவது வேலை செய்கிறது. உன்னிடமிருந்து வந்தவற்றில் சொன்ன வேலையைச் செய்வது அதுதான், அதனால் அது அங்கேயே இருக்கும்.

நூருன்னிசா


தஞ்சோங் பகார்
11 ஜூன் 2025

லாத்தா அவர்களுக்கு,

மனிதவளப் பிரிவு எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் நான் படிப்பதில்லை. படித்திருந்தால் வேறு மாதிரி எழுதச் சொல்லியிருப்பேன். ஆனால் பதில் அதேதான்.

நடைமுறை உங்களுக்குத் தெரியாது. ஒரு வேனில் இரண்டு பேர். என் ஆட்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். நாள் முழுக்க ஒரு பெண்ணோடு வேனில் சுற்று என்றால் கூச்சப்படுவார்கள். வாடிக்கையாளர் வீட்டில் ஏதாவது பேச்சு வந்தால் என் தலைதான் உருளும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது லாத்தா, சான்றிதழும் அப்படித்தான். சந்தையில் முப்பது வேன் ஓட்டுகிறவனுக்கு இது தெரியும்.

ஒருத்திக்காக ஏன் சண்டை? நான் பெரிதாகச் செய்கிறேன். உங்கள் மையத்துக்கு வாப்பா பெயரில் புத்தம் புது ஏர்கான் பயிற்சிக்கூடம். எல்லா இயந்திரமும் என் செலவு. உங்கள் மையத் தலைவரிடம் பேசிவிட்டேன், அவருக்கு வாயெல்லாம் பல். திறப்பு விழா செப்டம்பரில். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது, ஞானசேகரன் உட்பட எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு மரியம்மாளுக்கு வேன் இல்லை என்றால் என்ன, நூறு மரியம்மாள்கள் படிக்கட்டுமே.

முபாரக்


ஈசூன்
30 ஜூன் 2025

முபாரக்,

மரியம்மாளின் மகள் போன வாரம் முழுக்க வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இன்றுதான் பள்ளி திறந்தது, அவள் போகவில்லை. உன் அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் அந்த இரண்டு நிமிட வீடியோ ஓடுகிறது. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. அம்மா சிறையைப் பற்றிப் பேசும் இடத்தில் முகத்தை அருகில் காட்டியிருக்கிறீர்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் யாரோ பார்த்து, வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். "அப்பாவுக்குப் பாடம் ஒப்பிக்கப் போகலையா" என்று கேட்கிறார்களாம்.

"இரண்டுக்கும் சரி" என்று உன் கையால் எழுதினாய். ஒன்று மாதத் தொடக்கத்தில் போயிற்று, இன்னொன்று இப்போது. உன்னைப் பேராசைக்காரன் என்று நினைத்திருக்கிறேன், பகட்டுக்காரன் என்று நினைத்திருக்கிறேன். வாக்குத் தவறுகிறவன் என்று இதுவரை நினைத்ததில்லை. அந்த மரியாதையும் போயிற்று.

வேன் கதை உனக்குத் தெரிய வேண்டும். பிடோக்கில் வேலாயுதம் என்று ஒருவர் ஏர்கான் பழுதுபார்க்கிறார். இரண்டே வேன், அதில் ஒன்றின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். மரியம்மாளை அழைத்துக்கொண்டு போனேன். என்ன தெரியும் என்று அவளைக் கேட்டார், சொன்னாள். நாளைக்குக் காலையில் வா என்றார். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்று சிலர் சொல்கிறார்களே என்று நானே வாய்விட்டேன். "காப்பிக்கடையில இருக்கே மா. நாங்க மட்டும் எங்க போறோம்?" என்றார். வேலை தொடங்கிவிட்டாள். ஆகஸ்டில் முடித்துவிடுவாள்.

வீடியோவை நீக்கு.

நூருன்னிசா


தஞ்சோங் பகார்
8 ஜூலை 2025

லாத்தா அவர்களுக்கு,

அந்த வீடியோவை ஏற்றியது விளம்பரப் பிரிவு. எனக்குத் தெரிந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள், நன்கொடையாளர்கள் தங்கள் பக்கத்திலும் போட்டுவிட்டார்கள். இப்போது நீக்கினால் என்ன தகராறு என்று நான்கு பேர் கேட்பார்கள். பிள்ளைகள் இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்கள். அந்தம்மா இன்னும் விரும்பினால் திங்கட்கிழமை களப்பயிற்சிக்கு என்னிடமே வரட்டும், மனிதவளப் பிரிவிடம் நானே சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் மரியம்மாளுக்காக என்று நீங்கள் நம்புகிறீர்கள். நான் நம்பவில்லை. இருபத்திரண்டு வயதில் வாப்பாவிடம் வேன் சாவி கேட்டீர்கள். அவர் எனக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அதையே மென்றுகொண்டிருக்கிறீர்கள். நான் பெருநாளைக்கு ஆடு அறுத்தாலும் குற்றம், பள்ளிவாசலுக்கு விரிப்பு வாங்கினாலும் குற்றம். மரியம்மாள் உங்களுக்கு ஒரு சாக்கு. அவர் கஷ்டத்தை நான் மேடையில் பயன்படுத்தினேன், நீங்கள் கடிதத்தில் பயன்படுத்துகிறீர்கள்.

பயிற்சிக்கூட ஒப்பந்தத்தில் துறைத் தலைவி என்ற முறையில் உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம். அது இல்லாமல் நகராது என்று உங்கள் தலைவர் கையைப் பிசைகிறார். ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. என் மேல் இருக்கும் கோபத்தில் மாணவர்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்.

முபாரக்


ஈசூன்
15 ஜூலை 2025

முபாரக்,

சரியாகச் சொன்னாய். மென்றுகொண்டுதான் இருக்கிறேன். பொறாமையா என்றால் பொறாமைதான், நான் மலக்கு இல்லை, மனுஷிதான். ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறாய், மீதியை நான் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே வருடம் ஒரே படிப்புப் படித்தோம். வகுப்பில் முதலாவதாக வந்தது நான். நீ மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தேறவில்லை. உன்னிடம் அந்தச் சான்றிதழ் இன்றுவரை கிடையாது. வாப்பா சாப்பாட்டு மேசையில் சாவியை என் தட்டைத் தாண்டி உன் பக்கம் தள்ளினார். "பொம்பளப் புள்ள வேன்ல போனா ஊர் என்ன சொல்லும்" என்றார். நீ என்னைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தாய்.

இன்று உன் நிறுவனம் அந்தப் படிப்பை ஏற்பதில்லை. அதில் தேறாதவன் முதலாளியாக இருக்கும் இடத்தில் வேறு என்ன நடக்கும்?

மரியம்மாள் உன்னிடம் வர மாட்டாள். கேட்டேன். "எனக்கு ஏற வேன் இருக்கு டீச்சர். அந்த ரெண்டு நிமிசத்த மட்டும் திருப்பித் தரச் சொல்லுங்க" என்றாள்.

கையெழுத்துப் போடுகிறேன். உன் பணம் எனக்கு வேண்டும். என் மாணவர்கள் இருபது வருடப் பழைய இயந்திரங்களில் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள், எனக்கு ரோஷம் காட்ட வசதி இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு நீ எத்தனை நிபந்தனை போட்டாய், கொடுக்கிறவனுக்கு நான் போடுகிறேன். வீடியோவை முதலில் நீக்கு. பிறகு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்: வருடா வருடம் எங்கள் மாணவர்கள், ஆணோ பெண்ணோ, உன் வேன்களில் களப்பயிற்சி செய்வார்கள். கழிப்பறையைக் கட்டு, பிறகு வாப்பா பெயர்ப் பலகையைத் திற.

திறப்பு விழாவில் மாணவர்கள் யாரும் மேடையேற மாட்டார்கள். நீ ஏறுவாய். ஞானசேகரன் முன்வரிசையில் இருப்பார். இரண்டு நிமிடம். எந்தச் சான்றிதழும் இல்லாத உனக்கு முதல் வேன் சாவி எப்படிக் கிடைத்தது, அது யார் தட்டைத் தாண்டி வந்தது என்று சொல்வாய். பாரம்பரிய உடை. ஒத்திகை உண்டு. வீடியோ எடுப்போம், அது அந்தக் கூடத்தை விட்டு வெளியே போகாது, இது என் வாக்கு. அழ வருமா என்று நான் கேட்க மாட்டேன். கொஞ்சம் உருக்கமாக இருந்தால் நல்லது.

நூருன்னிசா


தஞ்சோங் பகார்
24 ஜூலை 2025

லாத்தா,

உங்களைப் போல ஓர் அக்காவை அல்லாஹ் எதிரிக்கும் கொடுக்க வேண்டாம்.

வீடியோவை இன்று காலை நீக்கியாயிற்று. தங்கள் பக்கத்தில் போட்டவர்களையும் நானே கூப்பிட்டு நீக்கச் சொன்னேன். ஞானசேகரன் ஏன் என்று கேட்டார். கொடுத்த வாக்கு என்றேன். இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன என்றார். அந்த வரியை வக்கீல் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார். கழிப்பறைக்கு அடுத்த வாரம் ஆள் வருகிறார்கள்.

பேச்சை எழுதித் தரும்படி ரகுபதியிடம் சொன்னேன். "சார், மூணு தடவ ஃபெயில்னு போடவா, பல தடவன்னு போடவா?" என்று கேட்கிறார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். வேண்டாம் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு நானே சொல்லிப் பார்த்தேன். "என் லாத்தாதான் வகுப்பில் முதல்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. இரண்டு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

ஒத்திகைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும்?

முபாரக்